ஜெனிஷாவின் இங்கிலீஷ் கட்டுரையில் நான் செத்துப்போன விவரம்

மாதா துணை

ஆவூர்ப் பக்கம், நம் வீடு
தபசு காலம், புதன்கிழமை

குவைத்தில் இருக்கும் என் அன்பு மகன் ராபினுக்கு, உன் அம்மா சவரியாயி ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் உன் மனைவி மரிய செல்வியும் ஆடு மாடு கோழிகளும் மாதா புண்ணியத்தில் நடமாட்டமாக இருக்கிறோம். அங்கே நீயும், உன் முதுகுவலியும், உன் ரூமில் தங்கியிருக்கும் பிள்ளைகளும், உன் முதலாளியும், அவர் பெண்டாட்டி பிள்ளைகளும், நீ ஓட்டுகிற வண்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். முதுகுவலி குறைந்திருந்தால்தான் மேற்கொண்டு படிக்கவும். குறையாவிட்டால் முதலில் படுத்துக்கொண்டு படிக்கவும்.

போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் நலம் விசாரித்து முடிப்பதற்குள் "சரிம்மா, டூட்டி" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாயாம். என் குரல் அதில் கவுதாரி கத்துவதுபோல் இருக்கும் என்று லீவில் வந்திருக்கும் ஜெரால்டு சொல்லிச் சிரிக்கிறான். லெட்டரை வேகமாக ஓடவிட முடியாது. லீவு முடிந்து சனிக்கிழமை திரும்பி வரும் ஜெரால்டிடம் கொடுத்து விடுகிறேன். அவன் நேற்றே ஒரு தராசுக் கொக்கியோடு வந்து, எலுமிச்சை ஊறுகாய், கோட்டைப்பட்டினம் கருவாடு, முறுக்கு எல்லாவற்றையும் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, லெட்டரு எத்தன பக்கம்னு முன்னாடியே சொல்லிருங்க, அதுக்குத் தக்கன கருவாட்ட எடுத்துரலாம்" என்றான். பெற்ற தாயின் எழுத்தைக் கருவாட்டோடு வைத்து நிறுக்கிற காலமாகிவிட்டது.

நீ போன மாதம் போனில் சொன்னதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நம் ஜெனிஷா காலேஜில் இங்கிலீஷ் பேப்பரில் இரண்டு தடவை பெயிலாகிவிட்டாள், இந்தத் தடவையும் போனால் படிப்பை நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டே இருக்கிற இலுப்பூர் ஹார்டுவேர் கடைக்காரர் மகனுக்கே பேசி முடித்துவிடலாம், ஈஸ்டர் கழிந்ததும் கோவிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்றாய். நீ தகப்பன், முடிவு உன்னுடையது. ஆனால் இதில் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஊர் நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

மழை இல்லை. கடலை போட்டது செலவுக்குச் சரியாகப் போயிற்று. கறுப்பாடு குட்டி போட்டு, குட்டி என்னைப் பார்த்தால் முட்டுகிறது. உன் மாமியார், அதாவது என் சம்பந்தியம்மா, ஒரு குறையும் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்கு வந்து என்னைவிடச் சத்தமாகப் பாடுகிறார். இதை மறந்துவிடாதே, பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஜெனிஷா. தாவரவியலில் அவள்தான் முதல். எந்தச் செடியைக் காட்டினாலும் அதன் கோத்திரம், குலம் எல்லாம் சொல்லுவாள். இலையைச் சீவிப் பூதக்கண்ணாடியில் வைப்பதில் அவள் கைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அந்தப் பாடத்து சாரே சொல்லியிருக்கிறார். வாயும் சும்மா இல்லை. குழாயடியில் நாலு பேர் சேர்ந்து வந்தாலும் நின்று பதில் சொல்லிவிட்டுக் குடத்தையும் நிரப்பிக்கொண்டுதான் வருவாள், என் ரத்தம். ஆனால் இங்கிலீஷில் எழுது என்று ஒரு தாளைக் கொடுத்தால் கல்லுப் பிள்ளையாராகிவிடுகிறாள். நம் பிள்ளை பன்னிரண்டு வரைக்கும் தமிழில் படித்தது. அங்கிட்டு டவுனிலிருந்து வரும் பிள்ளைகளோ இங்கிலீஷில் தும்முகிறவர்கள்.

ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் நம்ம ஊர்த் தேருக்கு லீவு கேட்டு எழுதினாள். இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்த லீவு லெட்டர் ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடமாக்கிக் கொடுத்தது, காய்ச்சலால் அவதிப்படுவதால் என்று தொடங்குவது. நமக்குக் கல்யாணமென்றாலும் காதுகுத்து என்றாலும் அந்த லெட்டர்தானே, வாங்குகிற வாத்தியாருக்கும் அது தெரியுமே. அந்த ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியவில்லை, கேரளாவிலிருந்து வந்தவராம். லெட்டரைப் படித்ததும் ஐயோ பாவம் என்று அவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ரொட்டியும் கஞ்சியும் கொடுத்து, வீட்டுக்கே விடவில்லை. காய்ச்சல் இல்லை, தேர்தான் என்று சொல்ல அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. இங்கே தேர் தெருவைச் சுற்றி நிலைக்கு வந்துவிட்டது. அங்கே பிள்ளை நாக்கடியில் தெர்மாமீட்டரோடு படுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்களுக்கு இங்கிலீஷ் எடுக்க வந்தவர் அருணா மிஸ். நல்ல பொம்பளை, புதுக்கோட்டைக்காரி. ஆனால் மனப்பாடம் செய்து எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சொந்தமாக எழுதவேண்டும். நம் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி எழுது என்று கொடுத்ததற்கு ஜெனிஷா எழுதினதை மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையால் அடித்து, விஷயம் எங்கே என்று கேட்டுவிட்டாராம். பிள்ளை இடிந்துபோனாள். அடுத்த கட்டுரை, வாழ்க்கையில் உனக்கு முக்கியமான ஒருவரைப் பற்றி. அது சரியாக இருந்தால்தான் இந்தத் தடவை பரீட்சைக்கே உட்கார விடுவார்கள். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், மிஸ் கண்கலங்கிப் பாராட்டினார் என்று போனில் சொன்னாள். குரலில் சந்தோஷம் இல்லை. ஏதோ மறைக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

நீ படிப்பை நிறுத்துவேன் என்று சொன்னது காதில் கிடந்து குடைந்ததால், நேரிலேயே போய் அந்த மிஸ்ஸிடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வருவோம் என்று கிளம்பினேன். ஜெனிஷாவிடம் சொல்லவில்லை. வெறுங்கையோடு போகக்கூடாது. ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம், நமக்குக் கறி ஆகாது, எனவே செவலைக் கோழியைக் காலைக் கட்டி ஒயர்கூடையில் வைத்துத் திருச்சி பஸ் ஏறினேன்.

காலேஜ் கேட்டில் வாட்ச்மேன் என்னை உட்காரவைத்து, ஜெனிஷாவின் அப்பத்தா வந்திருக்கிறார் என்று உள்ளே போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் அருணா மிஸ் ஓட்டமாக வந்தார். வந்தவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசத் தேத்திக்கங்கம்மா. ஜெனிஷா எழுதியிருந்தா. கிளாஸே எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷம் மௌனம் இருந்தோம்" என்றார்.

யாருக்கு என்று கேட்டேன். "அவ பாட்டிக்குத்தாம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இங்கே நிற்கிறேன், அப்படியானால் சம்பந்தியம்மா. ஞாயிற்றுக்கிழமை அத்தனை சத்தமாகப் பாடின மனுஷி. உன் பெண்டாட்டி தன் தாய் செத்ததை எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ஆத்திரம் ஒருபுறம், துக்கம் ஒருபுறம், கோழிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டேன். சம்பந்தியைப் பற்றிச் சொல்ல அவ்வளவாக நல்லது இல்லை, ஆனாலும் வாய்க்கு வந்த வரைக்கும் பாடினேன். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினான். பையன்களும் பெண்களும் கூடிவிட்டார்கள். கோழியும் கூடவே கத்தியது.

மிஸ் என்னைத் தேற்றித் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, ஜெனிஷாவின் கட்டுரையை எடுத்து, நான் ஆறுதலடைவேன் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இறந்த பாட்டி வெள்ளைவெளேரென்ற தலைமுடி உள்ளவராம். குளிர்காலத்தில் கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாராம். பேத்திக்கு ஆப்பிளை வைத்துக் கேக் செய்து கொடுப்பாராம். இலைகள் உதிர்ந்த ஒரு மாலையில் பேத்தியின் கையைப் பிடித்தபடி அமைதியாக உயிரை விட்டாராம். சம்பந்தி எப்போது ஸ்வெட்டர் பின்னினார், புதுக்கோட்டை வெயிலில் யார் போடுவதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மிஸ் கடைசி வரியைச் சொன்னார்: "அவர் பெயர் சவரியாயி."

ராபினு, கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அது நாந்தாங்க" என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். உடனே ஜெனிஷாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

அந்த இடைவெளியில் வந்த காரியத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் மரியாதையாகத் தொடங்கினேன். மிஸ்ஸின் அம்மா அப்பா சுகத்தை விசாரித்தேன். வீட்டுக்காரர் உத்தியோகம், பிள்ளைகள் படிப்பு, அவர்கள் ஊரில் மழை, எல்லாம் முறையாகக் கேட்டு வந்தேன். அவரோ, "பரவால்லம்மா, என்ன விஷயமா வந்தீங்க, அதச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி விட்ட இடத்திலிருந்து, மாமியார் சுகமா என்று தொடங்கினேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் செவலைக் கோழி கூடைக்குள் ஒரு முட்டை போட்டுவிட்டது. அந்த அறையில் வந்த காரியத்தை முதலில் முடித்தது கோழிதான். மிஸ் சைவமாம். கோழியையும் வாங்கவில்லை, முட்டையையும் வாங்கவில்லை.

ஜெனிஷா உள்ளே வந்தாள். உயிரோடு நான், மடியில் கோழி, மேசையில் முட்டை. பிள்ளை முகம் செத்துப்போயிற்று. மிஸ் தாளைக் காட்டி இது யார் எழுதியது என்று கேட்டார். உன் அக்கா மகன் லியோ, அதுதான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானே, அவன் போனில் ஏதோ போட்டுக் கொடுத்தானாம். அதனிடம் அப்பத்தாவைப் பற்றிக் கட்டுரை கொடு என்றால் அதுவே எழுதிவிடுமாம். அதற்குத் தெரிந்த அப்பத்தாவை அது எழுதியிருக்கிறது. இவள் பெயரை மட்டும் மாற்றிவிட்டாள். லியோவை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கும்போது அவனுக்கு இருக்கிறது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று மிஸ் கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ தகப்பன், கேட்கவேண்டும். "தமிழ்ல நான் ஜெனிஷா மிஸ். இங்கிலீஷ்ல எழுத ஒக்காந்தா எங்கிருந்தோ ஒரு மக்குப் புள்ள வந்து ஏங் கையில ஒக்காந்துக்குது. நான் நெனைக்கிறது ஒண்ணு, அது எழுதுறது ஒண்ணு. படிச்சா எனக்கே என்னயப் புடிக்கல. அப்பா வேற இதுதான் கடைசின்னு சொல்லிட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சம்பந்திக்கு அழுததைவிட உண்மையாக. மிஸ் எழுந்தார். அலமாரியிலிருந்து அந்தப் பழைய தண்ணீர்க் கட்டுரையை எடுத்தார். "இது இவளே எழுதினது. தப்புத் தப்பா இருந்தாலும் இவ எழுத்து. ஆனா பாருங்கம்மா, மொதப் பக்கம் பூரா என் ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டிருக்கா. ரெண்டாம் பக்கம் ஊர்ல இருக்கவங்கல்லாம் சொகமா இருக்காங்க. கடேசி வரிலதான் கொழாய்ல தண்ணி வரலங்கறா."

இதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவளுக்குக் கடிதம் எழுதப் பழக்கினது நான். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் இந்தத் தெருவில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன லெட்டரெல்லாம் என் கையெழுத்துதான், ஒருத்தரும் விஷயம் எங்கே என்று கேட்டதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு செம்புத் தண்ணீர் குடித்து, நல்லது கெட்டது பேசி, கிளம்பும்போது வாசல்படியில் வைத்துத்தான் வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். எனக்குக் கோபம் வந்து மிஸ்ஸிடமே சொல்லிவிட்டேன்: "வாசல்ல நின்னுக்கிட்டே, தண்ணிகூடக் குடிக்காம, வந்த சேதியச் சொல்றவன் கேதஞ் சொல்ல வர்றவன் ஒருத்தன்தாங்க. சாவுச் சேதிக்குத்தான் அந்த முறை. நல்ல சேதி அப்பிடி வராது."

மிஸ் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. இங்கிலீஷ்ல எல்லாருமே கேதஞ் சொல்ல வந்த மாதிரிதான் எழுதணும்."

நான் இந்தப் பாஷைக்குத் தலைமுழுக்குப் போடத் தயாராகக் கூடையை எடுத்தேன். ஆனால் ஜெனிஷா அப்படியே நின்றாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாளே, அப்படி. இத்தனை நாள் யாரும் இதை இப்படிச் சொல்லவே இல்லையே மிஸ், இலக்கணம் இலக்கணம் என்றுதானே சொன்னார்கள் என்றாள். மிஸ் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவர் கண்முன்னால், போன் இல்லாமல், அதே தலைப்பில் எழுதவேண்டும். தப்பு இருக்கலாம், ஆனால் அவள் எழுத்தாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பரீட்சை கிடையாது.

வந்த காரியத்தை நான் சொல்லவே இல்லை என்பது பஸ்ஸில் விராலிமலை தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது. முட்டை மட்டும் மிஸ் மேசையில் தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் சோறு இறங்காமல் கோவிலில் கிடந்தேன். சாயங்காலம் போன் வந்தது. என்ன எழுதினாய் என்று கேட்டேன். முதல் வரியைத் தமிழில் சொன்னாள்: "எங்க அப்பத்தா சாகவில்லை." இரண்டாவது வரி, செவ்வாய்க்கிழமை அவர் ஒரு கோழியோடு எங்கள் காலேஜுக்கு வந்தார். அப்புறம் நடந்ததை நடந்தபடி எழுதினாளாம். கணப்பு அடுப்பு இல்லை, ஆப்பிள் கேக் இல்லை. என்னைப் பற்றி எழுதுகிறோம் என்றதும் அந்த மக்குப் பிள்ளை கிட்டவே வரவில்லையாம். ஒப்பாரியை இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று தெரியாமல், சத்தமாக, ராகத்தோடு, கையை ஆட்டி அழுதார் என்று போட்டாளாம். மிஸ் சிவப்பு மையில் நிறையத் திருத்தியிருக்கிறார். ஆனால் முதல் வரியில் கை வைக்கவில்லை. பரீட்சைக்கு உட்காரக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தக் கட்டுரையை மற்ற கிளாஸ்களிலும் படித்துக் காட்டினார்களாம். இப்போது திருச்சியில் நான் பிரபலம்.

பரீட்சை அடுத்த மாதம். பாஸாவாளா என்றால் எனக்குத் தெரியாது. பேப்பரில் என்ன கேட்பார்களோ, அந்த மக்குப் பிள்ளை மறுபடி வந்து உட்காருமோ. அதனால் நான் கேட்டுக்கொள்வது, பாஸானாலும் போனாலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதே. போனால் மறுபடி எழுதட்டும். நடக்கத் தெரியாதென்று யாரும் பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொள்வதில்லை. இலுப்பூர்ப் பையன் நல்ல பையன்தான், கடையும் நல்ல கடைதான். ஆனால் ஆணியும் கீலும் எங்கும் போய்விடாது. ஆனாலும் நீதான் தகப்பன், நீ நினைப்பதுதான் நடக்கும். நான் படிக்காதவள், இதில் தலையிட மாட்டேன். நீ யோசித்து முடிவு சொல்லும் வரை இங்கே யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டோம்.

ஜெரால்டு வாசலில் தராசோடு நிற்கிறான், கருவாட்டைப் பாதி எடுத்தாயிற்று. வெயிலில் வண்டி ஓட்டும்போது தலையில் துணி போட்டுக்கொள். இரவு ஜெபம் சொல்லாமல் படுக்காதே. உன் முதலாளி வீட்டாருக்கும் ரூம் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மாதா உன்னை மடியில் வைத்துக் காப்பாள்.

இப்படிக்கு,
சாகாத உன் அம்மா,
சவரியாயி

பி.கு.: நீதான் தகப்பன், நீ நினைப்பதுதான் நடக்கும் என்று மேலே எழுதினதை நம்பவேண்டாம். இலுப்பூருக்குப் போன ஞாயிறே போய்விட்டு வந்துவிட்டேன். மிஸ் சொன்ன முறையில்தான் சொன்னேன். வாசலிலேயே நின்று, கொடுத்த தண்ணீரை வாங்காமல், "பொண்ணு இல்லீங்க, படிக்குது" என்றேன். நான் நின்ற நிலையைப் பார்த்துக் கேதம் சொல்ல வந்திருக்கிறேன் என்று அந்த வீட்டம்மா ஏற்கெனவே தலைமுடியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். சாவு இல்லை, சம்பந்தம்தான் இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு வந்த நிம்மதியில் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், குடித்தேன். இங்கிலீஷ் முறை ஒன்றும் மோசமில்லை. ஆகவே நீ யோசிக்கவேண்டாம். கோபம் வந்தால் போனில் கத்தாதே, லெட்டர் எழுது. முதலில் நலம் விசாரி.